பொய்ம்மொழியும் மெய்யறிவும்

நுழையும்முன்

பேசும் விலங்குகளும் நடக்கும் மரங்களும் நிறைந்த கதைகளைக் குழந்தைப் பருவத்தில் விரும்பிக் கேட்டோம். வளர்ந்தபின் அவற்றைப் 'பொய்' என்று ஒதுக்கினோம். ஆயினும், உலக மொழிகளில் நிலைத்துவிட்ட குழந்தை இலக்கியங்கள் பலவும் இத்தகைய பொய்களால் ஆனவையே. நடவாததை நடந்ததாகக் கூறுவது விந்தைப்புனைவு. பொருந்தாதவற்றைப் பொருத்திச் சிரிக்கவைப்பது பொருந்தா நகை. இவ்விரண்டும் குழந்தைக்கு எதைக் கற்பிக்கின்றன? சேதுக் கடற்கரையில் தொடங்கி இவ்வினாவுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

அணிலின் கணக்கு

இராமேசுவரம் செல்லும் தொடர்வண்டி பாம்பன் பாலத்தில் ஏறியதும் இருபுறமும் கடல் விரியும். அப்போது பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும் கதைகளுள் ஒன்று, சேது கட்ட அணில் உதவிய கதை. வானரங்கள் மலைகளைப் பெயர்த்துவந்து கடலில் இடுகின்றன. அணிலால் மலையைத் தூக்க இயலாது. அது கடல்நீரில் மூழ்கி எழுகிறது, கரைமணலில் புரள்கிறது, உடலில் ஒட்டிய மணலைக் கொண்டுபோய் அணையில் உதிர்க்கிறது. அதைக் கண்டு மகிழ்ந்த இராமன் அணிலின் முதுகைத் தடவிக்கொடுக்க, விரல் பட்ட இடங்களில் மூன்று கோடுகள் தோன்றுகின்றன. தொண்டரடிப்பொடியாழ்வார் இயற்றிய திருமாலையிலேயே இவ்வணில் இடம்பெற்றிருப்பதால், இக்கதை பல நூற்றாண்டுகளாகத் தமிழ்நாட்டில் வழங்கிவருவது தெளிவு. முதுகுக் கோடுகள் பற்றிய பகுதி மக்கள் வழக்கில் சேர்ந்து வளர்ந்தது.

இக்கதையைச் சற்றுக் கூர்ந்து நோக்குவோம். அணிலுக்கு அணைகட்டும் நோக்கம் உண்டு என்பதே இதில் உள்ள பொய். அந்த ஒன்றை ஏற்றுக்கொண்டால் எஞ்சியவை யாவும் உலக இயல்புக்கு உட்பட்டே நடக்கின்றன. அணில் நேரே மணலில் புரளவில்லை. முதலில் நீரில் மூழ்குகிறது. உலர்ந்த உடலில் மணல் தங்காது, நனைந்த உடலில்தான் ஒட்டும் என்பதைக் கதை மறக்கவில்லை. அணிலால் மலையைத் தூக்க முடிந்ததாகவும் கதை கூறவில்லை.

இனி ஒரு கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். அணில் ஒருமுறைக்கு ஒரு கிராம் மணலைச் சுமப்பதாகக் கொள்வோம். ஒரு டன் மணலைச் சேர்க்க அது 10 இலட்சம் முறை சென்றுவர வேண்டும். ஒரு நிமிடத்திற்கு ஒருமுறை என இரவும் பகலும் ஓயாது உழைத்தாலும் 694 நாள்களுக்கு மேலாகும். ஒரு டன் என்பதோ கடலுக்கு ஒரு பொருட்டே அன்று. கதை கேட்கும் குழந்தைக்கு இந்த எண்கள் தெரியா. ஆனால், அணில் சிறியது, கடல் பெரியது என்பது நன்றாகத் தெரியும். இவ்விரண்டின் அளவையும் அறிந்த குழந்தைக்குத்தான் அணிலின் முயற்சி வியப்பளிக்கும். அளவு அறியாத உள்ளத்திற்கு விந்தையும் இல்லை. விந்தைப்புனைவு குழந்தையை மெய்யுலகிலிருந்து பிரிப்பதில்லை; அது மெய்யுலகை அறிந்த அறிவின்மேல் நின்றுதான் இயங்குகிறது.

தொல்காப்பியர் வகுத்த இடம்

பொய்யான கதைக்கு இலக்கியத்தில் இடம் உண்டா என்னும் வினாவுக்கு நம் முதல் இலக்கண நூலே விடை கூறியுள்ளது. தொல்காப்பியச் செய்யுளியல் யாப்பின் வகைகளாகப் பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் என ஏழனைக் குறிப்பிடுகிறது. இவற்றுள் பிசி என்பது விடுகதை. உரை என்பதை நான்கு வகையாகப் பகுக்குமிடத்து, உலகியற்பொருளோடு பொருந்தாத பொய்ம்மொழியையும், பொருளோடு கூடிய நகைமொழியையும் தனித்தனி வகைகளாகத் தொல்காப்பியர் வைத்துள்ளார்.

பொய்ம்மொழிக்கு உரையாசிரியர் பேராசிரியர் தரும் விளக்கம் நம்மை மகிழ்விப்பது. யானையும் குருவியும் தமக்குள் நட்புக்கொண்டு, இன்ன இடத்திற்குச் சென்று இன்னது செய்தன என்று, அவற்றின் இயல்புக்குப் பொருந்தாதவற்றைத் தொடர்ச்சியாகச் சொல்லிவருதல் என்பது அவர் தரும் கருத்து. பேரறிவு வாய்ந்த உரையாசிரியர் ஒருவர் இலக்கண உரையின் நடுவே யானையையும் குருவியையும் நண்பர்களாக்கி நடக்கவிடுகிறார். அவர் காலத்தில் இத்தகைய கதைகள் எங்கும் வழங்கியிருக்க வேண்டும். இல்லையேல் அவற்றை எடுத்துக்காட்டாகச் சுட்டியிருக்கமாட்டார்.

இதனை அடுத்து, உரைவகையுள் ஒன்று செவிலிக்கு உரியது என்றும் மற்றொன்று யாவர்க்கும் உரியது என்றும் தொல்காப்பியர் கூறுவதும் கருதத்தக்கது. வளர்ப்புத் தாயின் வாய்ச்சொல்லுக்கு இலக்கணம் இடம் வகுத்திருக்கிறது. வீட்டுத் திண்ணையில் பாட்டி சொல்லும் கதை இலக்கியத்திற்கு வெளியே நிற்பது என்று நாம் கருதினால், அக்கருத்துக்குத் தமிழ் மரபில் சான்று இல்லை.

பொருளில்லாச் சொல்லுக்கும் இலக்கணம்

பின்வரும் தொடரைப் படித்துப் பாருங்கள்.

மிழுவன் துமிரத்தை நொளப்பினான்.

இத்தொடரில் உள்ள சொற்கள் எந்த அகராதியிலும் இல்லை, இப்பாடத்திற்காகவே புனையப்பட்டவை. ஆயினும், செயலைச் செய்தவன் யார் என்று கேட்டால் 'மிழுவன்' என்பீர்கள். எதை நொளப்பினான் என்றால் 'துமிரத்தை' என்பீர்கள். அவன் ஆண், ஒருவன், செயல் முடிந்துவிட்டது என்பனவும் விளங்கும். 'துமிரம்' என்னும் பெயர் அத்துச்சாரியையும் இரண்டாம் வேற்றுமை உருபும் ஏற்றிருக்கிறது. 'நொளப்பினான்' என்பதில் இன் என்னும் இறந்தகால இடைநிலையும் ஆன் என்னும் ஆண்பால் விகுதியும் உள்ளன. பொருள் முழுவதும் நீங்கிய பின்னும் இலக்கணம் நிலைத்து நிற்கிறது.

'மிழுவன்' என்பதற்குப் பதிலாக 'ழுமிவன்' என்று புனைந்திருந்தால் அதைத் தமிழ்ச்சொல் என்று உங்கள் செவி ஏற்றிராது. ழகரம் மொழிக்கு முதலில் வாராது. பொருளே இல்லாத சொல்லாயினும் தமிழில் வாழ வேண்டுமெனில் மொழிமுதல் விதிக்குக் கட்டுப்பட வேண்டும். விதிகளைப் பாடநூலில் படிக்குமுன்பே குழந்தைகள் இத்தகைய சொற்களைப் புனைந்து விளையாடுகிறார்கள். அவ்விளையாட்டில் மொழியின் எலும்புக்கூடு அவர்கள் கைக்குத் தட்டுப்படுகிறது.

பொருந்தா நகையின் பேராசான் எனப் போற்றப்படும் லூயிஸ் கரோல், ஆக்ஸ்போர்டில் கணிதம் கற்பித்தவர். 1862ஆம் ஆண்டு சூலை 4ஆம் நாள் படகுப் பயணத்தின்போது மூன்று சிறுமியருக்கு அவர் சொன்ன கதையே வளர்ந்து, 1865இல் ஆலிஸின் அற்புத உலகமாக வெளிவந்தது. அவ்வுலகில் பூனை மறைந்த பின்னும் அதன் சிரிப்பு மறையாமல் நிற்கும். பண்பு, பண்பையுடைய பொருளைச் சார்ந்தே இருக்கும் என்பது நாம் அறிந்த உண்மை. அதைத் தலைகீழாக்கிப் பார்க்கும்போதுதான் அவ்வுண்மையையே நாம் முதன்முதலாகக் கவனிக்கிறோம்.

நம் நாட்டில் வங்கக் கவிஞர் சுகுமார் ராய் இத்துறையில் தலைசிறந்தவர். 1923இல் அவர் மறைந்த சில நாள்களில் 'ஆபோல் தாபோல்' என்னும் அவருடைய பாடல் தொகுப்பு வெளிவந்தது. அதில் வாத்தும் முள்ளம்பன்றியும் இணைந்து ஒரே உயிராகின்றன. வங்கமொழியில் முதல் விலங்கின் பெயர் முடியும் ஒலியும் அடுத்ததன் பெயர் தொடங்கும் ஒலியும் ஒன்றாக இருப்பதால், சொற்கள் புணர்வதைப் போலவே விலங்குகளும் புணர்ந்துவிடுகின்றன. தமிழகக் கோயில் தூண்களில் சிங்க உடலும் யானைத் துதிக்கையும் கொண்டு நிற்கும் யாளியைக் கண்டு பழகிய நமக்கு இவ்வுயிர் அயலானதன்று.

நாட்டார் வழக்கிலும் பொருந்தா நகை செழித்துள்ளது. முள்ளின் முனையில் குளங்கள் வெட்டியதாகத் தொடங்கும் பாடலைத் தமிழகத்தின் பல பகுதிகளில் பல வடிவங்களில் கேட்கலாம். அதில் ஒவ்வோர் அடியும் முன்னைய அடி கொடுத்ததைப் பறித்துக்கொண்டே செல்லும். இறுதியில் எஞ்சுவது ஒன்றுமில்லை. 'இன்மை' என்னும் கருத்தை இதைவிட எளிதாக ஒரு குழந்தைக்கு விளக்குவது அரிது.

ஐந்து சீடர்களின் ஆராய்ச்சி

வீரமாமுனிவர் இயற்றிய பரமார்த்த குருவின் கதை, தமிழ் உரைநடையில் பொருந்தா நகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. இந்நூல் பெஞ்சமின் பாபிங்டனின் ஆங்கில மொழிபெயர்ப்புடன் 1822இல் இலண்டனில் அச்சாயிற்று. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்போர் பரமார்த்த குருவின் ஐந்து சீடர்கள்.

அவர்கள் ஓர் ஆற்றைக் கடக்க வேண்டும். ஆறு விழித்திருக்கும்போது இறங்குவது ஆபத்து என்பது குருவின் எண்ணம். அது உறங்குகிறதா என்று அறிய ஒரு சீடன் எரியும் கொள்ளிக்கட்டையை நீரில் தொட்டுப் பார்க்கிறான். சுரீரென்ற ஒலியும் புகையும் எழுகின்றன. ஆறு விழித்திருக்கிறது என்று அஞ்சி ஓடிவருகிறான். நெடுநேரம் கழித்து, முன்பு நீரில் அணைந்த அதே கட்டையால் மீண்டும் தொடுகிறார்கள். ஒலி இல்லை. ஆறு உறங்கிவிட்டது என்று முடிவுசெய்கிறார்கள்.

இதைக் கேட்டுச் சிரிக்காதவர் இல்லை. எதற்காகச் சிரிக்கிறோம்? சீடர்கள் ஆராயாமல் இருக்கவில்லை. ஐயம் கொண்டார்கள், சோதனை செய்தார்கள், மீண்டும் சோதித்தார்கள், இரண்டையும் ஒப்பிட்டு முடிவு கண்டார்கள். ஆய்வுமுறையின் படிகள் அனைத்தும் இதில் உள்ளன. மாறியது ஆறன்று, கட்டைதான் என்பதை மட்டும் அவர்கள் கவனிக்கவில்லை. அதைக் கண்டுபிடிப்பவர், கதை கேட்கும் குழந்தை. ஆசிரியர் எவரும் எடுத்துக் கூறாமலே தவற்றைத் தானே கண்டுகொண்டதன் மகிழ்ச்சிதான் சிரிப்பாக வெளிப்படுகிறது. ஒரு கூற்று முறையாகக் கூறப்படுவதாலேயே மெய்யாகிவிடாது என்னும் பாடத்தை ஐந்து மூடர்கள் கற்பித்துவிடுகிறார்கள்.

கடலுக்குத் தாகம் எடுத்த கதை

இராமநாதபுரக் கடற்கரைப் பள்ளி ஒன்றில் நான் தமிழாசிரியராக இருந்தபோது, வீட்டில் உள்ள முதியோரிடம் ஒரு கதை கேட்டு எழுதிவருமாறு மாணவர்களிடம் கூறியிருந்தேன். கதையின் பெயர், கதை, கதை உணர்த்தும் நீதி என மூன்று தலைப்புகளும் தந்திருந்தேன். ஒரு மாணவி முதலிரண்டையும் நிரப்பி, மூன்றாவதை வெற்றிடமாக விட்டிருந்தாள். காரணம் கேட்டேன். "ஐயா, எங்க அப்பத்தாகிட்ட நீதி என்னன்னு கேட்டேன். கதைன்னா கதைதான், நீதி எதுக்குன்னு சொல்லிருச்சு. மார்க் குறைச்சிருவீங்களா ஐயா?" என்றாள். அவள் எழுதிவந்த கதை இது.

ஒருநாள் கடலுக்குத் தாகம் எடுத்தது. உடம்பெல்லாம் தண்ணீர், குடிக்க ஒரு வாய் இல்லை. கரையில் ஒரு குடிசை. அங்கே கிழவி ஒருத்தி ஒரு செம்பு ஊற்றுநீர் வைத்திருந்தாள். கடல் வாசலில் வந்து நின்று, "ஆத்தா, தண்ணி தா" என்றது. "தாரேன். வீட்டை இப்பத்தான் மெழுகியிருக்கேன். காலைத் துடைச்சிட்டு உள்ள வா" என்றாள் கிழவி. கடல் பின்னால் போய்க் காலை மணலில் துடைத்தது. திரும்பி வந்தது. கால் ஈரமாகவே இருந்தது. மறுபடி போய்த் துடைத்தது. மறுபடியும் ஈரம். இன்னும் துடைத்துக்கொண்டே இருக்கிறது. கிழவியும் செம்போடு காத்துக்கொண்டே இருக்கிறாள்.

இக்கதையை வகுப்பில் படிக்கச் செய்தேன். படித்து முடிந்ததும் வினாக்கள் எழுந்தன. கடலுக்குக் கால் எது என்றான் ஒருவன். அலை என்றாள் மற்றொருத்தி. அப்படியானால் கடலே கடலைத் துடைக்க முடியுமா என்று கேட்டான் மூன்றாமவன். தண்ணீரிலேயே இருப்பதற்குத் தாகம் எடுக்குமா என்னும் வினாவுக்குக் கடைசி வரிசையில் இருந்த மீனவர் வீட்டு மாணவன் ஒருவன் விடை சொன்னான். கடலுக்குப் போகும்போது குடிநீர் தீர்ந்துவிட்டால் சுற்றிலும் தண்ணீரை வைத்துக்கொண்டு நா வறண்டு வரவேண்டும் என்று தன் தந்தை கூறியதை அவன் நினைவுகூர்ந்தான். பேச்சு, கரைமணலில் நன்னீர் ஊறுவது எப்படி என்பதற்கு நகர்ந்தது. தனுஷ்கோடிப் பகுதியில் கடலுக்கு மிக அருகே மணலைத் தோண்டி, ஊறும் நன்னீரைச் சிரட்டையால் முகந்து குடத்தை நிரப்பும் வழக்கம் உண்டு. மணலுள் இறங்கும் மழைநீர், தன்னைவிட அடர்த்தி மிகுந்த உவர்நீரின்மேல் மிதந்து தங்குவதே இதற்குக் காரணம். பொருந்தாத கதை ஒன்று உயிரியல், இயற்பியல், ஊரின் வாழ்க்கை என்று எங்கெங்கோ அவர்களை அழைத்துச் சென்றது.

எனக்குத் தோன்றியதை நான் அன்று வகுப்பில் கூறவில்லை. 1964ஆம் ஆண்டு திசம்பர் மாதப் புயலில் தனுஷ்கோடி ஊரை அழித்த கடல் எவரிடமும் கேட்டுக்கொண்டு வீட்டுக்குள் வரவில்லை. அக்கடலை வாசலிலேயே நிறுத்தி, காலைத் துடைத்துவிட்டு வரச்சொல்லும் துணிவு இக்கரையின் கிழவி ஒருத்திக்குக் கதையில்தான் வாய்க்கிறது. இதை நீதி என்று எவ்வாறு எழுதுவது? அந்த மாணவிக்கு முழு மதிப்பெண் அளித்தேன். அடுத்த ஆண்டிலிருந்து மூன்றாவது தலைப்பை நீக்கிவிட்டேன். அதற்கு முந்தைய ஆண்டுகளில் எத்தனை மாணவர்கள் நீதி கிடைக்காத காரணத்தால் தம் வீட்டின் நல்ல கதையை விட்டுவிட்டு வேறொன்றை எழுதிவந்தார்களோ என்னும் வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

நீதியும் வினாவும்

நீதிநூல்களின் பெருமையை இங்கு எவரும் குறைத்துரைக்கவில்லை. ஆத்திசூடி தொடங்கி நம் பிள்ளைகளை வளர்த்தவை அவை. ஆனால், எல்லாக் கதைக்கும் நீதி வேண்டும் என்னும் கட்டாயம் வேறு. ஆலிஸின் உலகில் வரும் சீமாட்டி ஒருத்தி எதைக் கேட்டாலும் அதில் ஒரு நீதியைத் தேடிச் சொல்வாள். அவை பெரும்பாலும் பேச்சுக்குப் பொருந்தா. எதிலும் நீதியைத் தேடும் வழக்கத்தையே கரோல் நகைப்புக்கு உரியதாக்கினார்.

1947இல் தொடங்கப்பெற்ற அம்புலிமாமா இதழ் வழியாகத் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்ச் சிறுவர்கள் படித்த வேதாளக் கதைகளை நினைத்துப் பாருங்கள். விக்கிரமாதித்தன் முதுகில் தொங்கும் வேதாளம் கதை சொல்லி முடித்து நீதி கூறுவதில்லை. ஒரு வினாவை எழுப்புகிறது. விடை தெரிந்தும் கூறாவிட்டால் தலை சிதறும். கூறினாலோ வேதாளம் மீண்டும் மரத்தில் ஏறிவிடும். நீதியில் முடியும் கதையைக் கேட்ட பிள்ளை தலையசைக்கிறது. வினாவில் முடியும் கதையைக் கேட்ட பிள்ளை சிந்திக்கிறது.

இத்தகைய கதைகள் குழந்தைகளைக் குழப்பும் என்னும் அச்சம் உலகெங்கும் இருந்துள்ளது. உருசிய எழுத்தாளர் கொர்னேய் சுகோவ்ஸ்கி இவ்வச்சத்தை எதிர்த்து நெடுங்காலம் வாதாடினார். 1928இல் அவருடைய 'முதலை' என்னும் சிறுவர் கதைப்பாடலே பிராவ்தா நாளிதழில் கடுமையான கண்டனத்திற்கு உள்ளாயிற்று. அடுத்த ஆண்டில் கிரிமியாவின் அலுப்கா நகரில் நோயுற்றுப் படுத்திருந்த குழந்தைகளுக்கு, மன்ஷௌசன் பிரபுவின் அண்டப்புளுகுக் கதைகளை அவர் படித்துக் காட்டினார். வேதனையில் இருந்த பிள்ளைகள் வாய்விட்டுச் சிரித்தனர். அதுகண்ட பொறுப்பாளர் ஒருவர், பொய்க்கதைகள் பிள்ளைகளுக்கு ஆகாவென்று அந்நூலைப் பறித்துக்கொண்டார். 'இரண்டிலிருந்து ஐந்துவரை' என்னும் நூலில் சுகோவ்ஸ்கி இதனைப் பதிவுசெய்துள்ளார்.

அதே நூலில் அவர் தரும் விளக்கம் எளிமையானது. இரண்டு வயது நிரம்பாத அவருடைய மகள் ஒருநாள் ஓடிவந்து, நாய் பூனையைப் போல் கத்துகிறது என்று கூறிச் சிரித்தாள். நாய் எவ்வாறு குரைக்கும் என்பதை அவள் உறுதியாக அறிந்திருந்தாள். அந்த உறுதி வந்த பின்னரே அதைத் தலைகீழாக்கி விளையாட அவளால் முடிந்தது. அறியாத ஒன்றைத் தலைகீழாக்க எவராலும் முடியாது. பிள்ளை பொய்யைக் கண்டு சிரிக்கும்போது, மெய்யைத் தான் அறிந்துவிட்டதை நமக்கு அறிவிக்கிறது.

கடல் கேட்கும் வினா

கீழே மூன்று செய்திகள் உள்ளன. அவற்றுள் ஒன்று மட்டும் பொய்.

கடற்குதிரையில் தந்தையே வயிற்றுப் பையில் குஞ்சுகளைச் சுமந்து வெளியிடுகிறது.

சில வகைக் கடல் அட்டைகள் ஆபத்து நேரும்போது தம் உள்ளுறுப்புகளை வெளியே தள்ளி, பின்னர் அவற்றை மீண்டும் வளர்த்துக்கொள்கின்றன.

கடற்பசு இரவில் கரையேறிப் புல் மேய்ந்து, விடியுமுன் கடலுக்குத் திரும்புகிறது.

முதலிரண்டும் மெய், மூன்றாவது பொய். மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் கடற்பசு, கடலடியில் வளரும் கடற்புல்லையே மேய்கிறது, கரையேறுவதில்லை. பாலூட்டியாகிய இவ்வுயிரினத்தைக் காக்கப் பாக் நீரிணைப் பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022இல் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. 1986இல் உருவான மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளைச் சூழ்ந்த கடலிலும் இவ்வுயிர்கள் வாழ்கின்றன. உங்களுள் பலர் முதலாவதைப் பொய்யென்றும் மூன்றாவதை மெய்யென்றும் கருதியிருக்கக்கூடும். நம்பத்தக்கதாகத் தோன்றுவது பொய்யாகலாம். நம்ப இயலாதது மெய்யாகலாம். இதைப் பிரித்தறிய வியக்கும் மனமும் ஐயுறும் அறிவும் ஒருங்கே வேண்டும்.

இவ்விரண்டும் ஒருவரிடம் எவ்வாறு இணைந்தன என்பதற்கு இராமேசுவரத்திலேயே சான்று உண்டு. 1931இல் அவ்வூரில் பிறந்த ஆ. ப. ஜெ. அப்துல் கலாம், தம் தாயும் பாட்டியும் இரவில் இராமாயண நிகழ்ச்சிகளையும் நபிகள் நாயகத்தின் வாழ்வையும் கதைகளாகச் சொன்னதை 'அக்கினிச் சிறகுகள்' நூலில் நினைவுகூர்கிறார். பள்ளியில் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் பறவை பறக்கும் முறையை விளக்க, மாணவர்களைக் கடற்கரைக்கே அழைத்துச் சென்று காட்டியதையும் கலாம் பலமுறை எடுத்துரைத்துள்ளார். கடலைத் தாண்டும் கதையை இரவில் கேட்ட சிறுவனுக்கு, சிறகு எவ்வாறு இயங்குகிறது என்பது பகலில் விளக்கப்பட்டது. கதை கேட்டதால் அவருடைய அறிவியல் குன்றவில்லை.

தன்னை மறைக்காத பொய்

பொய்கள் இருவகை. ஒன்று, மெய்போல் வேடமிட்டு நம்மை ஏமாற்ற வருவது. நாள்தோறும் கைப்பேசியில் வந்து குவியும் செய்திகளுள் இத்தகையவை பல. மற்றொன்று, 'ஒரு ஊர்ல' என்னும் தொடக்கத்திலேயே தன்னை அறிவித்துக்கொள்வது. அது நம்பச் சொல்வதில்லை. நம்புவதாக வைத்துக்கொண்டு உடன்வரச் சொல்கிறது. எங்கே மெய் முடிந்து பொய் தொடங்கியது என்று கேட்பவரே கண்டுகொள்ள இடம் தருகிறது. ஆற்றில் கொள்ளிக்கட்டையைத் தொட்ட சீடனைக் கண்டு சிறுவயதில் சிரித்துப் பழகியவர், வளர்ந்தபின் தம்மிடம் வரும் செய்தியிலும் மாறியது ஆறா, கட்டையா என்று கேட்கக் கற்றுக்கொள்வார்.

இத்தகைய கதைகளுள் அச்சேறியவை நூலகத்தில் இருக்கும். அச்சேறாதவை முதியோர் நினைவில் மட்டுமே வாழ்கின்றன. கேட்பார் இல்லாத கதை சொல்பவரோடு மறைந்துவிடும். உங்கள் வீட்டிலும் தெருவிலும் அத்தகைய கதை ஒன்றாவது இருக்கும். இன்று மாலை அதைக் கேளுங்கள். நீதி இல்லையே என்று தயங்காமல், கேட்டபடியே எழுதிவையுங்கள்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் வழங்கும் பொருந்தா நகைப் பாடல் அல்லது கதை ஒன்றைக் கேட்டு, சொன்னவரின் பேச்சுநடை மாறாமல் எழுதி வகுப்பில் படிக்க.

2. பொருளற்ற சொற்களால் ஆன தொடர் ஒன்றைப் புனைந்து, அதில் அமைந்துள்ள வேற்றுமை உருபு, இடைநிலை, விகுதி ஆகியவற்றைச் சுட்டுக. உங்கள் சொற்கள் மொழிமுதல், மொழியிறுதி விதிகளுக்கு உட்பட்டுள்ளனவா என ஆராய்க.

3. பரமார்த்த குருவின் கதையில் பிறிதொரு நிகழ்ச்சியைப் படித்து, சீடர்களின் முடிவில் உள்ள தவற்றை விளக்குக.

4. கடல்வாழ் உயிரினங்கள் குறித்து இரண்டு மெய்யும் ஒரு பொய்யும் எழுதி, பொய் எது என்பதை நண்பர்கள் கண்டறியுமாறு செய்க.

5. 'எல்லாக் கதைக்கும் நீதி வேண்டும்' என்னும் கருத்தை ஏற்றும் மறுத்தும் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.